மெல்போர்ன் கிரிக்கெட் மைதானம்: ஒரே திடலில் இத்தனை விளையாட்டுகள் எப்படி நடக்கின்றன?

கேள்வி: பெரம்பூர் ரசிகன்

நண்பர்களுக்கு வணக்கம். வரும் டிசம்பரில் மெல்போர்னில் வசிக்கும் தங்கை குடும்பத்தைப் பார்க்கச் செல்கிறேன். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கும் டெஸ்ட் போட்டியின் முதல் நாளுக்குச் சீட்டும் எடுத்தாகிவிட்டது. போவதற்கு முன் அந்த மைதானத்தின் வரலாற்றையும் அங்குள்ள வசதிகளையும் ஓரளவு தெரிந்துகொள்ள விரும்புகிறேன். அத்துடன், நெடுநாளாக விடை கிடைக்காத ஒரு கேள்வியையும் இங்கே வைக்கிறேன்.

நம் சென்னை நேரு விளையாட்டரங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது கார்ப்பரேஷன் ஸ்டேடியமாக இருந்த நாளில், 1956 ஜனவரியில், வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் நியூசிலாந்துக்கு எதிராக முதல் விக்கெட்டுக்கு 413 ரன்கள் சேர்த்தது அங்கேதான். 1960களின் நடுப்பகுதி வரை டெஸ்ட் போட்டிகள் அங்கு நடந்தன. பிறகு கிரிக்கெட் சேப்பாக்கத்துக்கே திரும்பிவிட்டது. 1990களில் புதிதாக எழுப்பிய இன்றைய அரங்கத்தில் நடுவே கால்பந்துத் திடலும் அதைச் சுற்றி ஓடுதளமும் இருக்கின்றன. கால்பந்து பார்க்கப் போகிறவர்கள் ஓடுதளம் குறுக்கே கிடக்கிறது என்று குறைப்படுகிறார்கள். கிரிக்கெட்டுக்கு அங்கே இடமே இல்லை.

மெல்போர்னிலோ கிரிக்கெட், ஆஸ்திரேலியக் கால்பந்து (நீள்வட்டத் திடலில் அணிக்குப் பதினெட்டுப் பேர் ஆடும் வேறு ஆட்டம்), ஒலிம்பிக் தடகளம், ஹாக்கி, சாதாரணக் கால்பந்து, ரக்பி என்று எல்லாமே ஒரே திடலில் நடந்திருப்பதாகப் படிக்கிறோம். அது உண்மையிலேயே பல விளையாட்டுகளுக்கான அரங்கம்தானா, அல்லது மற்றவர்களுக்கு அவ்வப்போது இரவல் தரப்படும் கிரிக்கெட் மைதானமா? ஒன்றுக்காகச் செய்யும் ஏற்பாடு மற்றொன்றைக் கெடுக்காமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள்?

பதில்: பழைய ஸ்கோர்கார்டு

உங்கள் கேள்விக்கான பாதி விடை அந்த மைதானத்தின் முதல் கால் நூற்றாண்டிலேயே கிடைத்துவிடும் என்பதால், அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மெல்போர்ன் கிரிக்கெட் கிளப் 1838ல் தொடங்கப்பட்டது. அவர்கள் முன்பு ஆடிக்கொண்டிருந்த இடத்தின் வழியாக ஆஸ்திரேலியாவின் முதல் நீராவி ரயிலுக்குப் பாதை போடத் தீர்மானித்ததால், 1853ல் அரசு அவர்களுக்கு இன்றைய இடத்தை ஒதுக்கிக் கொடுத்தது. 1854 செப்டம்பர் இறுதியில் அங்கே முதல் ஆட்டம் நடந்தது. ஆக, தொடக்கத்தில் அது ஐயமின்றிக் கிரிக்கெட் திடல்தான்.

ஆஸ்திரேலியக் கால்பந்தும் ஏறக்குறைய அதே வட்டாரத்தில், அதே ஆட்களிடமிருந்து பிறந்தது என்பதுதான் வேடிக்கை. கிரிக்கெட் வீரர்கள் குளிர்காலத்தில் உடல் தளர்ந்துவிடாமல் இருக்க ஒரு கால்பந்துச் சங்கம் வேண்டும் என்று 1858ல் பத்திரிகைக்குக் கடிதம் எழுதிய டாம் வில்ஸ் புகழ்பெற்ற கிரிக்கெட் வீரர். மறு ஆண்டு மே மாதத்தில் அந்த ஆட்டத்துக்கான விதிகளை எழுதிய சிலருள் அவரும் ஒருவர். அதே வில்ஸ் பயிற்சியளித்துத் தலைமை தாங்கிய பழங்குடியினர் அணி ஒன்று, 1866 டிசம்பர் 26 அன்று இதே மைதானத்தில் மெல்போர்ன் கிளப்பை எதிர்த்து ஆடியது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அங்கே கிரிக்கெட் பார்க்கக் கூடும் வழக்கம் டெஸ்ட் கிரிக்கெட்டைவிடப் பழையது என்பதற்கு இது ஒன்றே சான்று.

இவ்வளவு நெருங்கிய உறவு இருந்தும் கால்பந்தை உடனே உள்ளே விட்டுவிடவில்லை. கிரிக்கெட் புல்தரை கெட்டுவிடும் என்ற அச்சத்தால், நெடுங்காலம் கால்பந்து வேலிக்கு வெளியே பூங்காவில்தான் ஆடப்பட்டது. அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்தமானது: 1876ல் இருபுறமும் பார்க்கத்தக்க ஒரு மரக் கேலரியைக் கட்டினார்கள். கோடையில் அதில் உட்கார்ந்து உள்ளே கிரிக்கெட் பார்க்கலாம். குளிர்காலத்தில் இருக்கைகளைத் திருப்பிப் போட்டு வெளியே பூங்காவில் நடக்கும் கால்பந்தைப் பார்க்கலாம். 1877 மார்ச் 15 அன்று தொடங்கிய முதல் டெஸ்ட் போட்டியில் சார்லஸ் பானர்மன் 165 ரன்கள் எடுத்துக் காயத்தால் வெளியேறியதும், ஆஸ்திரேலியா 45 ரன்களில் வென்றதும் அந்தக் கேலரி நின்ற காலத்தில்தான். 1884ல் அது தீக்கிரையானது. அதற்குள் கால்பந்து வேலியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. 1879ல் மின்விளக்கு வெளிச்சத்தில் இரவுக் கால்பந்து கூட அங்கே ஆடிப் பார்த்தார்கள். மனம் மாறியதற்கு விளையாட்டின் மீதான பரிவைவிட வாயிலில் வசூலான பணமே பெரிய காரணமாக இருந்திருக்கும் என்பது என் ஊகம். 1887ல் ஆஸ்ட்ரல் சைக்கிள் பந்தயமும் அங்கே தொடங்கியது.

இரண்டாம் உலகப் போரில், 1942 முதல் 1945 வரை, மைதானம் முழுவதும் படைகள் வசம் போனது. அமெரிக்க விமானப்படை, அமெரிக்க மரைன் படை, ஆஸ்திரேலிய விமானப்படை என்று மாறி மாறி அங்கே தங்கின.

அடுத்து 1956 ஒலிம்பிக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உங்கள் கேள்வியின் நடு முடிச்சு அங்கேதான் இருக்கிறது. போட்டிகளை நடத்தும் உரிமையைப் பெற்ற பிறகும், முதன்மை அரங்கம் எது என்று முடிவு செய்ய முடியாமல் நகரம் ஆண்டுக்கணக்கில் சண்டையிட்டது. கிரிக்கெட் திடலை ஒலிம்பிக்குக்காகக் கிளற விடமாட்டோம் என்று எதிர்ப்புக் கிளம்பியதால் வேறு மைதானங்களும் பரிசீலிக்கப்பட்டு, கடைசியில் 1953ல்தான் இந்த இடம் முடிவானது. 1955ல் வந்து பார்த்த ஒலிம்பிக் குழுத் தலைவர் ஏவரி பிரண்டேஜ் பணிகளின் தாமதத்தை வெளிப்படையாகக் கண்டித்தார். 1956 செப்டம்பரில் மெல்போர்னும் காலிங்வுட்டும் மோதிய ஆஸ்திரேலியக் கால்பந்து இறுதிப் போட்டிக்கு 1,15,802 பேர் வந்தார்கள். நவம்பர் 22 அன்று அதே திடலில் எடின்பரோ கோமகன் ஒலிம்பிக் போட்டிகளைத் தொடங்கிவைத்தார். இடையில் இருந்தது இரண்டு மாதங்களுக்குச் சற்று அதிகமான காலமே. அந்த ஓடுதளத்தில்தான் விளாதிமிர் குட்ஸ் 5,000, 10,000 மீட்டர் ஓட்டங்களை வென்றார். பெட்டி கத்பெர்ட் மூன்று தங்கம் பெற்றார். இந்தியா 1-0 என்று பாகிஸ்தானை வென்ற ஹாக்கி இறுதிப் போட்டியும் இதே திடலில் நடந்ததே.

போட்டிகள் முடிந்ததும் ஓடுதளத்தைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். ஐம்பது ஆண்டுகள் கழித்து 2006 காமன்வெல்த் போட்டிகளுக்கும் அப்படியே செய்தார்கள்: 2005 டிசம்பரில் டெஸ்ட் போட்டி, மார்ச்சில் தடகளம், அந்தக் குளிர்காலத்திலேயே கால்பந்து, டிசம்பரில் மீண்டும் டெஸ்ட். அந்த டெஸ்டின் முதல் நாளில்தான் ஷேன் வார்ன் தமது 700வது விக்கெட்டை எடுத்தார்.

நேரு அரங்கத்தில் ஓடுதளம் நிரந்தரக் குடியிருப்பாளர். மெல்போர்னில் அது விருந்தாளி. பல விளையாட்டு அரங்கம் என்றால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் உள்ளே வைத்திருப்பது என்று நாம் நினைக்கிறோம். அவர்களோ ஒன்றை எடுத்துவிட்டு மற்றொன்றைப் போடுகிறார்கள். அதற்குப் பணமும் ஆட்களும், எல்லாவற்றுக்கும் மேலாக ஆண்டு அட்டவணையில் இடைவெளியும் வேண்டும்.

பதில்: களிமண்

மேலே எழுதிய ஐயா ஓடுதளத்தைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் மாவட்ட அளவிலான மைதானம் ஒன்றில் ஆடுகளப் பராமரிப்பில் வெகுகாலம் வேலை பார்த்தவன் என்பதால், நடுவில் இருக்கும் 22 கெஜத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். எடுத்து மாற்ற மிகவும் கடினமான பொருள் அதுதான்.

வழக்கமான கிரிக்கெட் ஆடுகளம் பல ஆண்டுகள் அதே இடத்தில் கிடந்து, வெயிலில் காய்ந்து, நீர் குடித்து, ரோலரால் இறுகி, தனக்கென்று ஒரு குணத்தைப் பெறுகிறது. அதன் மேல் குளிர்கால மழையில் ஆணி வைத்த காலணிகளுடன் முப்பத்தாறு பேர் மாதக்கணக்கில் ஓடினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. களிமண் தரை நீர் வடியாமல் சேறாகிக் கால்பந்து வீரர்களைச் சிரமப்படுத்தும். சிதைந்த தரையைக் கோடையில் சரிசெய்யக் கிடைக்கும் சில வாரங்கள் கிரிக்கெட்டுக்குப் போதாது. இரு தரப்புக்கும் நட்டம்.

1980களின் தொடக்கத்தில் மெல்போர்ன் ஆடுகளத்தில் பந்து எழும்பாமல் தரையோடு தவழ்கிறது என்ற புகார் பெரிதாக இருந்தது. 1981 பிப்ரவரியில் இந்தியா அங்கே பெற்ற வெற்றி நினைவிருக்கும்: நான்காவது இன்னிங்ஸில் ஆஸ்திரேலியா 83 ரன்களுக்குச் சுருண்டது, கபில்தேவ் 28 ரன்களுக்கு 5 விக்கெட் எடுத்தார். கபிலின் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தரையில் நல்ல அளவில் விழுந்த பந்து எவ்வளவு உயரம் வரும் என்று மட்டையாளர்கள் எவராலும் கணிக்க முடியவில்லை என்பதும் உண்மை.

இதற்குத் தீர்வாக வந்ததுதான் டிராப் இன் ஆடுகளம். இதன் தோற்றமும் ஒரு சண்டையில்தான் இருக்கிறது. 1977ல் கெர்ரி பேக்கர் தனியாக உலகத் தொடர் கிரிக்கெட்டை நடத்த முயன்றபோது, மரபான மைதானங்கள் அவருக்குக் கிடைக்கவில்லை. மெல்போர்னின் புறநகரில் இருந்த வி.எஃப்.எல். பூங்கா என்ற கால்பந்து மைதானத்தில் கிரிக்கெட் தரையே கிடையாது. எனவே ஜான் மேலி என்ற ஆடுகளப் பராமரிப்பாளர், பெரிய தட்டுகளில் மண் நிரப்பி, புல் வளர்த்து, ரோலர் ஓட்டித் தயாரான ஆடுகளங்களைப் பளுதூக்கியால் கொண்டுவந்து திடலில் இறக்கினார். கிரிக்கெட் உலகமே அவரைப் பார்த்துச் சிரித்தது. இருபது ஆண்டுகளுக்குள், மரபின் தலைமைப்பீடமான மெல்போர்ன் கிரிக்கெட் மைதானமே அந்த முறைக்கு மாறிக்கொண்டது.

இன்று அங்கே நடப்பது இதுதான். ஆஸ்திரேலியக் கால்பந்தின் இறுதிப் போட்டி வழக்கமாகச் செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை நடக்கும். அது முடிந்தவுடன் நடுத் திடலில் உள்ள புல்தட்டுகளை எடுத்துவிட்டு, வெளியே வளர்த்து வைத்திருக்கும் ஆடுகளங்களைச் சிறப்பு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து அந்தப் பள்ளங்களில் பொருத்துகிறார்கள். ஒவ்வொன்றும் சுமார் 3 மீட்டர் அகலமும் ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் ஆழமும் கொண்டது. எடையோ பல டன். மண் மெர்ரி ஓடைப் பகுதியிலிருந்து எடுக்கும் கரிய களிமண். காய்ந்தால் கல்லாகிவிடும் வகை. கோடை முடிந்ததும் ஆடுகளங்கள் வெளியே போகும், புல்தட்டுகள் உள்ளே வரும்.

இதில் ஒரு குறை உண்டு; அதை விளம்பரங்களில் சொல்லமாட்டார்கள். தட்டில் இருக்கும் மண்ணுக்கு அடிநிலத்தோடு தொடர்பு இல்லை. நீர் ஒரே சீராக ஏறி ஒரே சீராக இறங்குவதால், ஐந்து நாளில் வெடித்துச் சிதைந்து சுழலுக்கு வழிவிடும் இயல்பு குறைந்துபோகிறது. 2017 ஆஷஸ் போட்டியில் அலஸ்டர் குக் ஆட்டமிழக்காமல் 244 ரன்கள் எடுத்த ஆடுகளம் செத்த தரை என்று ஏளனம் செய்யப்பட்டு, ஐ.சி.சி.யாலும் மோசமானது என்று மதிப்பிடப்பட்டது. அதைத் திருத்தக் கூடுதலாகப் புல் விட்டுத் தயாரித்துப் பார்த்தார்கள். 2018ல் பும்ரா 33 ரன்களுக்கு 6 விக்கெட் எடுத்து இந்தியா வென்றது. ஆட்டம் சுவையாகவே இருந்தது. ஆனால் 2019 டிசம்பரில் நடந்த உள்நாட்டுப் போட்டி ஒன்றில் பந்து ஆபத்தான முறையில் எகிறியதால் ஆட்டத்தையே கைவிட நேர்ந்தது. இந்தப் பக்கம் சாய்ந்தால் செத்த தரை, அந்தப் பக்கம் சாய்ந்தால் ஆபத்து. இவ்வளவு பணமும் ஆய்வும் உள்ள இடத்திலேயே இந்த நிலை என்றால், நம் ஊரில் ஒரே தரையில் எல்லாவற்றையும் ஆட வேண்டும் என்று திட்டம் போடுகிறவர்கள் முதலில் பராமரிப்பாளரைக் கூப்பிட்டுப் பேச வேண்டும்.

பதில்: வடசென்னை விங்கர்

மூத்தவர்கள் இருவரும் எழுதியதை ரசித்துப் படித்தேன். இருந்தாலும் ஒரு கால்பந்து ரசிகனாக என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். மெல்போர்ன் மைதானம் கிரிக்கெட், ஆஸ்திரேலியக் கால்பந்து என்ற இரண்டு நீள்வட்ட விளையாட்டுகளுக்கான அரங்கம். செவ்வகத்தில் ஆடும் விளையாட்டுகள் அங்கே கூட்டத்துக்காக மட்டுமே வருகின்றன.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வேலியிலிருந்து வேலி வரை அந்தத் திடல் சுமார் 171 மீட்டர் நீளம், 146 மீட்டர் அகலம். சர்வதேசக் கால்பந்துத் திடல் 105 மீட்டருக்கு 68 மீட்டர். நடுவில் வைத்தால் பக்கக் கோட்டிலிருந்து வேலிக்கு 39 மீட்டர், கோல் கோட்டிலிருந்து 33 மீட்டர் வெறும் புல். முதல் வரிசை ரசிகன் அதற்கும் பின்னால் இருக்கிறான்.

இப்போது நாம் எல்லோரும் திட்டும் நேரு அரங்கத்துக்கு வாருங்கள். 400 மீட்டர் ஓடுதளத்தின் இரு நேர்ப் பகுதிகளுக்கு இடையே உள்ள அகலம் சுமார் 73 மீட்டர். எட்டுப் பாதைகள் சேர்ந்து 10 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆக, பக்கக் கோட்டிலிருந்து ஓடுதளத்தின் வெளி விளிம்பு வரை 12 அல்லது 13 மீட்டர்தான். கோலுக்குப் பின்னால் உட்கார்ந்தால் மட்டுமே 35 மீட்டரைத் தாண்டும். எனவே பெரம்பூர் அண்ணா, சென்னையில் பக்கவாட்டுக் கேலரியில் உட்கார்ந்து கால்பந்து பார்ப்பவர், மெல்போர்னில் அதே இடத்தில் உட்கார்பவரைவிட ஆட்டத்துக்கு நெருக்கமாகவே இருக்கிறார். நீள்வட்டத் திடலின் தொலைவை அங்கே ஓடுதளம் இல்லாத ஒரே காரணத்தால் நாம் கவனிப்பதில்லை.

பெரிய ஆட்டங்கள் அங்கே நடந்ததை நான் மறுக்கவில்லை. 1997 நவம்பரில் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ஆஸ்திரேலியா 2-0 என்று முன்னிலையில் இருந்து, கடைசிக் கால் மணி நேரத்தில் ஈரானிடம் இரண்டு கோல் வாங்கி வாய்ப்பை இழந்தது 85,000 பேர் கண்முன்னே. 2015ல் ரியல் மாட்ரிட்டும் மான்செஸ்டர் சிட்டியும் ஆடிய நட்பு ஆட்டத்துக்கு 99,382 பேர் வந்தார்கள். அதே ஆண்டு ரக்பி லீகின் ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் ஆட்டத்துக்கு 91,513 பேர். ஆனால் அந்த நகரமே 2010ல் பக்கத்திலேயே சுமார் 30,000 இருக்கைகளுடன் தனியாகச் செவ்வக அரங்கம் ஒன்றைக் கட்டியது ஏன்? வாரந்தோறும் கால்பந்து பார்ப்பவனுக்கு லட்சம் இருக்கைகள் வேண்டாம், ஆட்டக்காரன் முகம் தெரிந்தால் போதும் என்பதால்தானே?

பதில்: பழைய ஸ்கோர்கார்டு

தம்பி சொல்லும் கணக்கு சரியானது. பக்கவாட்டு ஒப்பீட்டை நான் இதற்கு முன் போட்டுப் பார்த்ததில்லை. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். இரண்டு நீள்வட்ட விளையாட்டுகள் அங்கே ஒற்றுமையாக வாழ்வதற்குத் திடலின் வடிவம் பாதிக் காரணம் என்றால், பருவம் மீதிப் பாதி. ஆஸ்திரேலியக் கால்பந்து மார்ச் முதல் செப்டம்பர் வரை. கிரிக்கெட் அக்டோபர் முதல் மார்ச் வரை. சென்னையில் கிரிக்கெட்டும் கால்பந்து லீகும் வடகிழக்குப் பருவமழையும் ஏறக்குறைய ஒரே மாதங்களில் வந்து மோதிக்கொள்கின்றன. மெல்போர்னின் தீர்வை அப்படியே இங்கே கொண்டுவந்து இறக்கினாலும் தட்டை மாற்ற நமக்கு வாரம் கிடைக்காது.

கூட்டத்தைப் பற்றி ஒரு செய்தி. அங்கே நடந்த விளையாட்டுப் போட்டிகளில் அதிகக் கூட்டம் 1970 ஆஸ்திரேலியக் கால்பந்து இறுதிப் போட்டிக்கு வந்த 1,21,696 பேர். இடைவேளையில் 44 புள்ளிகள் பின்தங்கியிருந்த கார்ல்டன் அணி காலிங்வுட்டை வென்ற நாள் அது. அன்று பெரும்பகுதியினர் நின்றுகொண்டு பார்த்தார்கள். நிற்கும் இடங்கள் குறைந்து இருக்கைகள் கூடிய பிறகு அந்த எண்ணிக்கையை எட்ட வாய்ப்பில்லை.

பதில்: யாரா நதிக்கரையோன்

யாழ்ப்பாணத்தில் பிறந்து, நெடுங்காலமாக மெல்பேர்ணில் வாழ்பவன் நான். அண்ணர் வசதிகளைப் பற்றியும் கேட்டிருக்கிறார்; அதைப் பற்றி இதுவரை ஒருவரும் எழுதவில்லை என்பதால் சொல்கிறேன்.

இன்றைய அரங்கின் கொள்ளளவு 1,00,024. தென் அரைக்கோளத்தில் இதைவிடப் பெரிய விளையாட்டரங்கு கிடையாது. துடுப்பாட்ட (கிரிக்கெட்) அரங்குகளில் அகமதாபாத் மட்டுமே இதை விஞ்சியது. நிலம் பொதுச் சொத்து. அரசு நியமிக்கும் அறங்காவலர் குழுவின் சார்பில் மெல்பேர்ண் கிரிக்கெட் கழகம் நிர்வகிக்கிறது. தெற்குப் பக்கம் முழுவதையும் அடைத்து நிற்கும் பெரிய பார்வையாளர் மாடம் 1992 உலகக் கிண்ணத்துக்கு முன்பு கட்டி முடிக்கப்பட்டது. 2022ல் ஷேன் வோர்ன் மறைந்த பிறகு அவருடைய பெயரைப் பெற்றது. அதைக் கட்டிக்கொண்டிருந்த 1991ல் அவுஸ்திரேலிய உதைபந்தாட்ட இறுதிப் போட்டியையே வேறு மைதானத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. வடக்குப் பக்கத்தில் இருந்த பழைய மாடங்கள் 2003 முதல் 2006 வரை இடித்துப் புதிதாகக் கட்டப்பட்டன. பழைய உறுப்பினர் மாளிகை இடிபட்டதில் பலருக்கு இன்றும் மனக்குறை உண்டு. எனக்கும் உண்டு, கட்டிய புதியது எவ்வளவு வசதியானது என்றாலும்.

விளக்குக் கோபுரங்கள் ஆறு. துடுப்பாட்டத்துக்கு அவை முதன்முதலாக ஒளிர்ந்தது 1985 பெப்ரவரியில் தொடங்கிய உலகச் சாம்பியன் தொடரில். அத்தொடரின் இறுதியில் இந்தியா பாகிஸ்தானை வென்றபோது சிறீக்காந்த் 67 ஓட்டங்கள் எடுத்து ஆட்டநாயகனானார். இலட்சுமணன் சிவராமகிருஷ்ணன் மூன்று விக்கெட்டுகளைக் கைப்பற்றினார். இருவரும் உங்கள் சென்னைக்காரர்கள். 2022 ஒக்டோபரில் 90,293 பேர் முன்னிலையில் பாகிஸ்தானுக்கு எதிரான வெற்றி ஓட்டத்தை அஸ்வின் அடித்ததும் இங்கேதான். அதற்கு முந்தைய பந்தை அவர் தொடாமல் அகலப் பந்தாக விட்ட நிதானத்தைப் பற்றி இங்குள்ள தமிழர்கள் இன்னமும் பேசுகிறார்கள். எங்களுக்கோ இந்த மைதானத்தின் கசப்பான நினைவு 1995 டிசம்பர் 26. அன்று முத்தையா முரளிதரனின் பந்துவீச்சு முறையற்றது என்று நடுவர் டரல் ஹெயார் ஏழு முறை அறிவித்தார். பிற்காலத்தில் 800 விக்கெட்டுகளை எட்டிய ஒருவர் அன்று தலைகுனிந்து நின்றதை நாங்கள் மறக்கவில்லை.

இருக்கை குறித்து முக்கியமான ஒரு செய்தி. இந்தியாவில் வெயில் தெற்கிலிருந்து வருவதைப் பார்த்துப் பழகியவர்கள் இங்கே ஏமாந்துபோவார்கள். இங்கு சூரியன் வடக்கே செல்லும். ஆகவே வடக்கு மாடத்துக்கு நிழல்; தெற்கு மாடத்தின் கீழ் வரிசைகளில் பகல் முழுவதும் முகத்தில் வெயில். வடக்கின் பெரும்பகுதி உறுப்பினர்களுக்கு ஒதுக்கப்பட்டது. கழகத்தின் உறுப்பினராகப் பதிவு செய்து பல தசாப்தங்கள் காத்திருக்க வேண்டும். பிள்ளை பிறந்தவுடனேயே பெயர் கொடுத்துவைக்கும் குடும்பங்கள் ஏராளம். பொதுமக்களுக்கான சீட்டு என்றால், மேற்குப் பக்கமாகவோ கூரை மறைக்கும் மேல் வரிசைகளிலோ பார்த்து எடுப்பது நல்லது. அரங்கம் முழுவதற்குமான கூரை கிடையாது. மழை வந்தால் ஆட்டம் நிற்கும்.

வருவதற்குப் புகையிரதமே சிறந்தது. ரிச்மண்ட், ஜோலிமொண்ட் என்ற இரண்டு நிலையங்களிலிருந்தும் சில நிமிட நடைதான். நகர நடுவிலிருந்து நடந்து வர விரும்பினால், 2006ல் கட்டிய வில்லியம் பராக் பாலம் உங்களை நேராக வாயிலுக்குக் கொண்டுவந்து விடும். சிற்றுந்தில் வந்தால் யாரா பூங்காவின் புல்வெளியில் நிறுத்த அனுமதிக்கும் நாட்களும் உண்டு. பூங்காவை வாகனத் தரிப்பிடம் ஆக்குவதை அயலவர்கள் ஆண்டுக்கணக்கில் எதிர்த்து வருகிறார்கள், அந்த எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது. உணவைக் கையோடு கொண்டுவரலாம். கண்ணாடிப் போத்தல்களும் மதுவும் கூடாது. உள்ளே விற்கும் உணவின் விலையைப் பார்த்தால், தங்கை கட்டித் தரும் புளிச்சாதம் எவ்வளவு பெறுமதியானது என்பது விளங்கும்.

திடலின் புல் பற்றி மேலே எழுதிய ஐயாவுக்காக இன்னொரு விடயம். உயர்ந்த மாடங்களின் நிழல் குளிர்காலத்தில் திடலின் ஒரு பகுதியை மறைத்துவிடுவதால், சக்கரங்களில் நகரும் பெரிய விளக்குகளைக் கொண்டு புல்லுக்குச் செயற்கை ஒளி தருகிறார்கள். சூழவுள்ள பூங்காவின் கீழே கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையம் ஒன்று உண்டு. அந்த நீர் பூங்காவுக்குப் பாய்கிறது, அரங்கின் கழிப்பறைகளுக்கும் போகிறது.

பூங்காவில் நடக்கும்போது பட்டை உரித்த தழும்புள்ள இரண்டு பழைய யூகலிப்டஸ் மரங்களைத் தவறவிட வேண்டாம். இந்த மண்ணின் பழங்குடியினரான வுருஞ்சேரி மக்கள் இந்த இடத்தில் கூடிவந்த காலத்தின் அடையாளம் அவை. அரங்கத்தைவிட வயதில் மூத்தவை. வாயில்களைச் சுற்றிப் பிராட்மன், கீத் மில்லர், லில்லி, வோர்ன், பெட்டி கத்பேர்ட் முதலியோரின் வெண்கலச் சிலைகள் நிற்கின்றன. உள்ளே அவுஸ்திரேலிய விளையாட்டு அருங்காட்சியகம் இருக்கிறது. அதற்கு அரை நாள் ஒதுக்குங்கள்.

பெரம்பூர் ரசிகன்

அனைவருக்கும் நன்றி. என் சீட்டு தெற்கு மாடத்தின் கீழ் வரிசையில் இருப்பதை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். தம்பி சொன்ன 12 மீட்டர் கணக்கை நண்பர்களிடம் சொன்னதும் இங்கே தனியாக ஒரு விவாதம் தொடங்கிவிட்டது. யாரா நதிக்கரையோன் ஐயாவிடம் கடைசியாக ஒன்று: அரங்கத்தின் உள்ளே சுற்றிக் காட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். டெஸ்ட் நடக்கும் நாட்களில் காலையில் வந்தால் பார்க்க முடியுமா?

பதில்: யாரா நதிக்கரையோன்

போட்டி இல்லாத நாட்களில் மட்டுமே சுற்றிக் காட்டுவார்கள் அண்ணர். டெஸ்ட் ஐந்து நாளும் நீடித்தால் டிசம்பர் 30 வரை அதற்கு வழியில்லை. ஜனவரி முதல் வாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கோடையில் இரவு நேர இருபது ஓவர் ஆட்டங்களும் இங்கே நடக்கும், அந்த நாட்களைத் தவிர்த்து முன்பதிவு செய்யுங்கள். 2024ல் இந்தியா ஆடிய டெஸ்டுக்கு ஐந்து நாட்களிலும் சேர்த்து 3,73,691 பேர் வந்தார்கள்; கூட்டம் அப்படி இருக்கும் ஆண்டில் முதல் நாள் காலை வாயிலில் வரிசை நீளும், எனவே ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிடுங்கள். தெற்குக் கீழ் வரிசைக்கு அகன்ற விளிம்புள்ள தொப்பி கட்டாயம். மெல்பேர்ண் காலநிலையை நம்ப முடியாது என்பதால் மெல்லிய குளிர்ச்சட்டை ஒன்றும் பையில் இருக்கட்டும். டிசம்பரிலும் தெற்குக் காற்று திரும்பினால் மாலைக்குள் குளிர் வந்துவிடும்.